கிழித்தெடுத்த பக்கம்

பைக்குள்ளேயே கிடக்கட்டும். இந்த வீட்டில் யாருக்கும் தெரிய வேண்டாம்.

மேக்சின் இப்படி நினைத்துக்கொண்டிருந்தபோதே, கார் சாவியைத் தேடி அவள் கணவன் கைல்ஸ் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தான். சீப்பு, பாதி தின்ற மிட்டாய்ப் பொட்டலம், கடைசியாக அந்தப் பத்திரிகை. கிறிஸ்துமஸ் வாரத்துத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளெல்லாம் அச்சிட்ட மலிவுப் பத்திரிகை. அட்டையில் மினுக்குச் சட்டை போட்ட நடிகை ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தாள்.

மாமனார் லெனார்ட்டும் நாத்தனார் ஃபெலிசிட்டியும் அதுவரை வேறொரு பத்திரிகைக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இங்கே வருடாவருடம் வாங்குவதும் நிகழ்ச்சிப் பத்திரிகைதான், ஆனால் கனமான ஒன்று. கட்டுரைகள், குறுக்கெழுத்து எல்லாம் உண்டு.

"இதுல சினிமாவுக்கு நாலு வரிகூட இல்லப்பா. அடுத்த வருஷம் நான்தான் வாங்குவேன்."

"குறுக்கெழுத்து இருக்குல்ல?"

"ஆமா, கிறிஸ்துமஸே உங்க ஒருத்தருக்குத்தான்!"

மாமியார் ஹிலரி கம்பளத்தில் கிடந்ததை இரண்டு விரலால் எடுத்தாள். "அட, முடி வெட்டிக்கப் போற எடத்துல கெடக்குமே, அதுதானே? மாடியில உன் ரூம்ல வச்சுக்கோ கண்ணு. ஒரு வீட்டுக்கு ஒண்ணு போதும். இதுக்கே இங்க அடிதடி."

அந்தக் குரலில் விஷமே இல்லை. அதுதான் மேக்சினுக்கு வலித்தது. திட்டியிருந்தால் திருப்பிச் சொல்லியிருக்கலாம். கல்யாணமாகி வரும் முதல் கிறிஸ்துமஸ். மாமியாரை 'ஹிலரி' என்பதா, 'அம்மா' என்பதா என்று முடிவாகாமல் எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே இரண்டு நாளை ஓட்டியிருந்தாள். அவர்களுடைய வான்கோழி, அவர்களுடைய பாட்டு, அவர்களுடைய பத்திரிகை. பார்ன்ஸ்லியில், அவள் பிறந்த வீட்டில், அம்மா இதே பத்திரிகையில் புருவ மையால் நிகழ்ச்சிகளை வட்டமிடுவாள், தம்பிகள் கத்துவார்கள். அதில் ஒரு துளியாவது இங்கே கூடவே வந்துவிடாதா என்றுதான் ரயில் நிலையத்தில் அதை வாங்கினாள். இப்போது அதை மாடியில் கொண்டுபோய் வைத்தாள்.

மத்தியானம் போய்ப் பார்த்தபோது அது அங்கே இல்லை.

கழிவறை வெகுநேரமாகப் பூட்டியிருந்தது. கடைசியில் லெனார்ட் வெளியே வந்தார். கம்பளிச் சட்டைக்குள் வயிறு சதுரமாக இருந்தது.

"குறுக்கெழுத்து சுலபமா இருக்கான்னு பாத்தேன்மா," என்றார், அவள் எதுவும் கேட்காமலே.

"அப்பா, என் முறை!" மாடிப்படியிலிருந்து ஃபெலிசிட்டியின் குரல்.

மேக்சினுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவளுக்குப் பின்னால் கைல்ஸும் சிரித்தான். சிரிப்புச் சத்தம் ஓய்வதற்குள் ஃபெலிசிட்டி அதை அப்பாவிடமிருந்து பிடுங்கிப் பக்கங்களைப் புரட்டிவிட்டு அலறினாள். "நடுவுல ஒரு பக்கத்தக் காணோம்! கிறிஸ்துமஸ் ராத்திரி தொடர்ல யாரு சாகப்போறாங்கன்னு அதுலதானே போட்டிருப்பான்?"

"நான்தான் கிழிச்சேன். எங்க வீட்டுல அப்படித்தான். வாங்குறவங்க மட்டும் படிச்சுட்டுக் கிழிச்சுப் போட்டுடணும். மத்தவங்க முன்கூட்டியே தெரியாமத்தான் தொடரப் பாக்கணும்."

"அப்ப உனக்குத் தெரியும்!"

"தெரியும்."

மேக்சின் சமையலறைக்குப் போனாள். கோலிக்குண்டு அளவு முட்டைக்கோசுகள் ஒரு கூடை நிறையக் காத்திருந்தன. லெனார்ட் வந்து நல்ல மதுவை ஒரு கிளாஸ் ஊற்றி வைத்துவிட்டு நின்றார். ஃபெலிசிட்டி குறிப்பு கேட்டாள், "ஆம்பளையா, பொம்பளையா, அத மட்டும் சொல்லிடு." கைல்ஸ், "நான் உன் புருஷன் இல்லியா?" என்று கெஞ்சினான். ஹிலரி மட்டும் அலட்சியமாகக் கை வீசினாள். "போங்க எல்லாரும். அந்தத் தொடரெல்லாம் இந்த வீட்டுல யாரு பாக்குறா?"

அவர்கள் போனதும் அவள் கதவைச் சாத்தினாள். கத்தி ஒன்றை எடுத்துக்கொண்டு மேக்சினின் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு கோசுகளை உரித்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"சாகப்போறது அந்த மதுக்கடைக்காரி இல்லதானே? போன மாசம்தான் அந்த ரெண்டாவது புருஷன் திரும்பி வந்தான். பாவம், இப்பதான் கொஞ்சம் சிரிக்கிறா. எங்கிட்ட மட்டும் சொல்லு கண்ணு. யாருக்கும் மூச்சு விட மாட்டேன்."

மேக்சின் அவளை நிமிர்ந்து பார்த்தாள். அந்தச் சாம்பல் நிறக் கண்களில் நிஜமான கவலை. முதல் முறையாக இவளை ரொம்பப் பிடித்திருந்தது.

அவள் இல்லை என்பதுபோல் தலையை மெல்ல ஆட்டினாள். அடுத்த கோசை எடுத்து, உள்ளே வேகட்டுமென்று அடிக்காம்பில் கத்தியால் ஒரு சிலுவைக் கீறல் போட்டுத் தண்ணீரில் நழுவவிட்டாள். அது ஒருமுறை மூழ்கி, பச்சையாக மேலே வந்தது.