கதவில் ஒட்டிய தாள்

ஏரிக்கு மேலே எனக்கு ஒற்றையாக ஓர் ஓட்டு வீடு. அதில் தோட்டக் கூலி கித்தேரியம்மாள் ஆறு வருஷம் குடியிருந்தாள். எழுத்து எதுவும் கிடையாது. ஐந்தாம் தேதி நான் வாடகையை வாங்கிவிட்டால் அந்த மாதம் அவளுடையது. வாங்க மறுத்தால் மாதக் கடைசியில் மூட்டையைக் கட்ட வேண்டும். கோடைக்கானலில் பாதி வீடுகள் அப்படித்தான் ஓடின.

ஐம்பத்தொன்பது மார்ச்சில் நான் மறுத்தேன். சீசனுக்கு மதுரைக்காரர் ஒருவர் வீட்டைக் கேட்டிருந்தார். எனக்குப் பணத்தாசை, வேறென்ன.

“ரெண்டு மாசந்தான். ஜூன்ல வந்துரு” என்றேன்.

அவள் வீட்டுக்காக அழவில்லை. அவளோடு சண்டை போட்டுவிட்டுப் போன மகன் மரியசெல்வம் மூன்று வருஷமாகத் திரும்பவில்லை.

“அவனுக்கு இந்தக் கதவு ஒண்ணுதான் தெரியும்ண்ணே. நான் இல்லாதப்ப வந்துட்டான்னா?”

தான் பேத்துப்பாறையில் வேலைக்குப் போயிருப்பதாக யாரிடமோ எழுதி வாங்கி, அந்தத் தாளைக் கதவில் ஒட்டினாள். கிழிக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

கிழித்தேன். கதவுக்குப் பெயின்ட் அடிக்கும்போது அது அசிங்கமாகத் தெரிந்தது. காய்ந்ததும் ஒட்டலாம் என்று சட்டைப்பையில் வைத்தேன். அன்றே மகள் பிரசவத்துக்கு ஆயக்குடி போக வேண்டியதாயிற்று. திரும்பி வர மே கடைசி. தாள் அந்தச் சட்டையோடு வெளுப்புக்குப் போய்விட்டிருந்தது.

மதுரைக்காரர் சாவியைக் கொடுக்கும்போது சொன்னார்: “ஒரு பையன் வந்தான். அம்மா இருக்காங்களான்னு கேட்டான். அப்பிடி யாரும் இல்லையேப்பான்னேன். கதவையே பாத்துக்கிட்டு ரொம்ப நேரம் நின்னான். கப்பல் வேலைக்குப் போறேன்னுட்டுப் போயிட்டான்.”

அதே வாரம் கித்தேரியம்மாள் மூட்டையோடு வந்து நின்றாள்.

“யாராச்சும் வந்தாங்களாண்ணே?”

“யாரும் வரலே.”

ஐந்தாம் தேதி வாடகையை நீட்டினாள். அதை வாங்க எனக்குக் கை கூசியது. வேண்டாம், நீயே வைத்துக்கொள் என்றேன். அவள் முகம் வெளிறிப்போயிற்று.

“மறுபடியும் காலி பண்ணச் சொல்றீங்களாண்ணே? இந்த ஒரு மாசம் விடுங்க. அவன் வந்துருவான்.”

வாங்கிக்கொண்டேன். அதன்பிறகும் ஆறு வருஷமாக வாங்கிக்கொண்டுதான் இருக்கிறேன். ஒவ்வோர் ஐந்தாம் தேதியும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறேன். பாவி எனக்கு வாய் வருவதில்லை. ரூபாய் என் கைக்கு வந்ததும் அவள் நிம்மதியாகச் சிரிக்கிறாள்.

“இந்த மாசம் வந்துருவாண்ணே” என்கிறாள்.