மார்கழித் தண்ணீர்

கடற்கரைக்காரர்கள் வீடு வாங்குகிற லட்சணமே தனி. பத்திரத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கிணற்றில் ஒரு வாளி இறைத்துக் குடித்துப் பார்ப்பார்கள். பிறந்ததிலிருந்து உப்புக் கிணற்றோடும் லாரித் தண்ணீரோடும் மல்லுக்கட்டிய ஹில்டாவும் அப்படித்தான் பார்த்தாள். ஆழ்வார்திருநகரிக்குப் பக்கத்தில் குளக்கரை வீடு. மார்கழி மாதம், குளம் நிறைந்து தளும்பிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் ஆராவமுதன், ஓய்வுபெற்ற வாத்தியார், செம்பு நிறையக் கொடுத்தார். இளநீர் தோற்றது. கப்பலில் இருந்த கணவன் அம்புரோஸ் போனிலேயே சரி என்றுவிட்டான். கடற்கரை வீட்டை விற்று இதை வாங்கினார்கள்.

சித்திரையில் குளம் வற்றியது. பருப்பு வேக மறுத்தது. கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை, அப்படி ஓர் உப்பு. குளத்தைச் சுற்றி பிளாட் போட்டு வீட்டுக்கு வீடு போர் இறக்கியதிலிருந்து வருஷா வருஷம் இதே கதைதான் என்று பக்கத்து வீட்டு சீனித்தாய் சாவகாசமாகச் சொன்னாள். முதலிலேயே சொல்லக்கூடாதா என்றதற்கு, "நீங்க கேட்டியளா?" என்றாள். ஆராவமுதனுக்கு போன் போட்டால், நீங்கள்தானே குடித்துப் பார்த்தீர்கள் என்றார். அதில் பொய் இல்லை. அதனால்தான் ஹில்டாவுக்கு வயிறு இன்னும் எரிந்தது.

விற்றுவிட்டு ஊருக்கே போய்விட வேண்டும் என்று புரோக்கர் ஜெபசிங்கைப் பிடித்தாள். அவன் அவசரப்படவே இல்லை.

"மார்கழி வரட்டும்க்கா. இந்தத் தெருவுல எல்லா வீடும் அப்பத்தான் கைமாறும். வெலயும் வருசத்துக்கு வருசம் ஏறிக்கிட்டுத்தான் கெடக்கு."

வாங்குகிறவர்கள் யார் என்று அவள் கேட்கவில்லை. அவளைப் போன்ற ஏமாளிகள்தான், வேறு யார்?

மார்கழியும் வந்தது, குளமும் பெருகியது. ஜெபசிங் கூட்டி வந்த ஆட்டோவிலிருந்து இறங்கியவள் ஜெர்லின். ஹில்டாவின் பழைய தெருக்காரி. லாரி வரும் முன்னே குடத்தோடு ஓடி, இவளுக்கும் சேர்த்து இடம் பிடித்து வைத்தவள். கடலுக்குப் போன புருஷன் திரும்பாததில் கிடைத்த நிவாரணப் பணம்தான் அவள் கையில் இருந்த எல்லாம். எதற்கு விற்கிறீர்கள் என்றாள். மாதா கோயில் பூசைக்குப் போக தூரமாக இருக்கிறது என்று ஹில்டா சொன்னாள். சொன்ன வாயைக் கழுவ வேண்டும் போலிருந்தது.

ஜெர்லின் செம்பை வாங்கிக் குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். கோடையில் எப்படி என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், உண்மையைச் சொல்லிவிடுவது என்று ஹில்டா நினைத்திருந்தாள். மாதாவே, கேட்டுவிடட்டும். கேட்காமல் போகட்டும் என்றும் உள்ளே ஒன்று வேண்டிக்கொண்டது.

"வேற எதும் கேக்கணுமா?" என்றாள் ஹில்டா.

"நீங்க இருந்த வீடு. இதுல கேக்க என்னக்கா இருக்கு?"

ஹில்டா காலிச் செம்பைக் கை நீட்டி வாங்கினாள். வாளியில் முக்கி எடுத்துத் திரும்ப நீட்டினாள்.

"ஏளா, இன்னுங் கொஞ்சம் குடி."