மைமூன் கூப்பிட வருதல்

நாலு மணி மழையைப் பதினொரு மணிக்கே ஓடவிடச் சொன்னவரின் மனுவில் முத்திரை குத்தி அனுப்பிவிட்டு, குமாஸ்தா நயினார் எதிரே நின்ற ஆவுடையின் மனுவை எடுத்தார். ஊரின் கால அட்டவணை அவருக்குப் பின்னால் சுவர் முழுக்க அலமாரிகளில் இருந்தது. அதில் அவள் கேட்ட பதிவைத் தேடி எடுத்து, தூசியைத் தட்டி வாசித்தார்.

“மைமூன், டைப்ரைட்டிங் வகுப்புக்கு ஆவுடையைக் கூப்பிட வருதல். தினமும் மாலை 5.10. ஞாயிறு கிடையாது. கடைசியாக ஓடியது 14.3.1991. அதுக்கப்புறம் நிறுத்தி வச்சிருக்கு. யாரு நிறுத்துனது?”

“தெரியல அண்ணாச்சி. நான் நிறுத்தல.”

“நிறுத்தி வச்சதையும் கையால ஒரு தடவ ஓட்டலாம். காரணம்னு ஒரு கட்டம் இருக்கே, காலியா விட்டிருக்கியளே.”

ஆவுடை பேனாவை வாங்கி, ‘என் கல்யாணத்துக்கு அவள் ஏன் வரவில்லை என்று தெரிய வேண்டும்’ என்று எழுதினாள். கல்யாணம் 1994 மே மாதம் நடந்தது. பந்தியில் மைமூனுக்கென்று ஓர் இலையை மூன்று மணி வரை யாரையும் உட்காரவிடாமல் வைத்திருந்தாள். மைமூன் இப்போது எங்கே இருக்கிறாள் என்று இரண்டு பேரிடம் கேட்டதில் இரண்டு ஊர் சொன்னார்கள்.

“தொண்ணூத்தி நாலை மட்டும் தனியா உருவ முடியாது,” என்றார் நயினார். “கடைசி ஓட்டத்துக்குப் பிறகு அவ உங்ககிட்ட சொல்லாமச் சேர்ந்தது எல்லாமே தேதி வாரியா வரும். இன்ஸ்டிட்யூட் வாசலைத் தொட்டதும் முடிஞ்சிரும். அதுக்குள்ள சொல்லாம விட்டதும் சொன்னதாத்தான் பதிவாகும். மறுபடி ஓட்டுனா இன்னைக்குக்குப் பிறகு உள்ளதுதான் வரும்.”

“வீட்டுலருந்து இருபது நிமிஷ நடைதான அண்ணாச்சி.”

“மெதுவா நடங்க.” அவர் பொத்தானை அழுத்தினார்.

ஆவுடை வீட்டுக்கு வந்தபோது மைமூன் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அன்றைக்கு இருந்த அதே பத்தொன்பது வயது. பச்சைத் தாவணி. கையில் சுருட்டிய தாள்கள்.

“ஏட்டி, இன்னும் தல சீவலியா? மாஸ்டர் நம்ம மிஷினத் தூக்கி வேற ஆளுக்குக் குடுத்துருவாரு.”

“பாதி முடி கொட்டிப்போச்சு. சீவ என்ன இருக்கு.”

“எண்ணெய் தேய், எண்ணெய் தேய்னு சொன்னேன். கேட்டியா?”

இருவரும் இறங்கி நடந்தார்கள். மைமூன் 1991 மார்ச் பதினைந்திலிருந்து ஆரம்பித்தாள். அன்று அவளுக்குக் காய்ச்சல். பதினாறாம் தேதி காய்ச்சல் விட்டு, ரசம் சாப்பிட்டாள். பேசும்போதே அவளுடைய இடது கை விரல்கள் ஆவுடையின் முழங்கையில் டைப்ரைட்டிங் முதல் பாடத்தைத் தட்டிக்கொண்டு வந்தன. சுண்டுவிரல் இன்னும் சரியாக அழுந்தவில்லை. இந்தச் சுண்டுவிரலுக்காக இருவரும் எத்தனை தாள் வீணாக்கினார்கள் என்று ஆவுடை யோசித்தாள். முழங்கை அவள் விரல் பட்ட இடத்தில் குளிர்ந்தது.

சோடாக் கடையில் 1992 தொடங்கியது. ஆவுடை பன்னீர் சோடா வாங்கி, கோலிக்குண்டு உருள உருளக் குடித்தாள். செருப்பைக் கழற்றி மாட்டினாள். மறுபடியும் கழற்றினாள். மைமூனின் அண்ணன் கல்யாணம் இரண்டு தெருவை எடுத்துக்கொண்டது. நெய்ச்சோறு எத்தனை சட்டி என்பதிலேயே ஒரு தெரு போயிற்று.

“கொஞ்சம் சுருக்கித்தான் சொல்லேன்.”

“அப்ப நீயே சொல்லிக்கோ.”

ஆவுடை நடையை இன்னும் குறைத்தாள்.

இன்ஸ்டிட்யூட் இருந்த இடத்தில் செல்போன் கடை வந்துவிட்டது. பழைய பெயர்ப்பலகையை மட்டும் யாரும் கழற்றவில்லை. பலகை தொங்கும் இடம்தான் வாசல் என்று அட்டவணையில் இருந்தது. அந்தத் தெருமுனையில் திரும்பும்போது 1994 பிப்ரவரி. ஆவுடை ஓர் அடிக்கு ஒரு மூச்சு விட்டு நடந்தாள். பூக்காரியிடம் விலை கேட்டு வாங்காமல் வந்தாள். மார்ச் முழுக்க மைமூனுக்குப் பல்வலி.

“ஏப்ரல் இருபத்தெட்டு, வியாழக்கிழமை,” என்றாள் மைமூன். “உன் கல்யாணப் பத்திரிகை வந்துச்சு. வாப்பாதான் கையில வாங்குனாங்க.”

பலகைக்கு இன்னும் ஐந்தடி இருந்தது. மைமூனின் கால் நிற்கவில்லை. அது எப்போதும் மாஸ்டருக்குப் பயந்த கால்.

“வாங்கிப் படிச்சிட்டு, என்னைக் கூப்பிட்டாங்க…”

செல்போன் கடைக்காரர் எழுந்து முக்காலியை வாசலில் போட்டார். அதன்மேல் ஏறி, பலகையைக் கழற்றி, தோளில் வைத்துக்கொண்டு அடுத்த தெருவை நோக்கி நடந்தார். மைமூனின் கால் பலகைக்குப் பின்னால் திரும்பியது.