தம்பி அளவுக்குச் செய்த கை

“முதல்ல நீ அதைக் கழட்டு, மத்ததை அப்புறம்—”

“மத்தது என்ன மத்தது? இதுதானே பேச்சே—”

“திங்கக்கிழமை காலையில அது லேப்ல இருக்கணும்டா!”

“எனக்கும் திங்கக்கிழமை காலையில அது கடையில இருக்கணும். அதுக்கு என்ன சொல்ற?”

அது சாவிக்கடை. இரண்டு பேர் நின்றால், மூன்றாமவர் மூச்சை வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். அதற்குள் அக்காளும் தம்பியும் முட்டிக்கொண்டு நின்றார்கள். மூன்றாவதாக, பீரோவிலிருந்து கழற்றிய பூட்டை மடியில் ஏந்திக்கொண்டு ஒரு அம்மாள் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

“ஏம்ப்பா, சண்டையை முடிச்சிட்டுச் சாவியா, சாவியை முடிச்சிட்டுச் சண்டையா?”

“ரெண்டும் ஒண்ணாவே ஓடுதும்மா, உட்காருங்க” என்றான் தம்பி.

அவன் வலது கையில் அரம். இடது கையில் பாதி வெட்டிய சாவி. அந்த இடது கை அவனுடையது அல்ல. முன்பு வேலை பார்த்த பட்டறையில் இயந்திரம் தின்றது போக, முழங்கைக்குக் கீழே கொஞ்சம் மிச்சமிருந்தது. அதில் அக்காள் செய்த கை மாட்டியிருந்தது. மிச்சமிருக்கும் தசை இறுகினால், உள்ளேயிருக்கும் சென்சார் அதைத் தெரிந்துகொண்டு விரல்களை மூடும், தளர்ந்தால் திறக்கும். அவ்வளவுதான் வேலை. அந்த அவ்வளவுக்காகப் பல்கலைக்கழகத்தில், உயிர்மருத்துவப் பொறியியல் துறையில், அவள் வருடக்கணக்காக மாரடித்திருந்தாள்.

கை உருவான நாளிலிருந்து சனிக்கிழமை தோறும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு இந்தக் கடைக்கு வந்துவிடுவாள். சாவி பிடி என்பாள், ஆணி பிடி என்பாள், டீ டம்ளரைப் பிடி என்பாள். பிடிக்கும்போது தசை என்ன சொல்கிறது என்று திரையில் பார்த்து, அதற்குத் தகுந்தாற்போல் கையைத் திருத்துவாள். “இப்ப எப்படி?” என்பாள். “உடும்பு தோத்துது போ” என்பான் அவன். அவளுக்கு அன்று முழுக்கக் கால் தரையில் பாவாது.

போன மாதம் அவனைப் போலவே கையிழந்த வெளியாட்களை வரவழைத்து, துறைத்தலைவர் முன்னால் சோதனை. மூடச் சொன்னால் கை திறந்தது. திறக்கச் சொன்னால் சும்மா இருந்தது. ஒரு பெரியவர் மடியில் தண்ணீர் டம்ளர் கவிழ்ந்தது, அவர் எழுந்து, “குளிச்சாச்சு, கிளம்பலாமா?” என்று கேட்டார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. தலைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “நீங்க கை செய்யலைம்மா. உங்க தம்பிக்கு அளவெடுத்துச் சட்டை தைச்சிருக்கீங்க.” ஆராய்ச்சியை மூடியாயிற்று. இந்தக் கைக்குள் இருக்கும் மோட்டார்களைக் கழற்றி அடுத்த மாணவனிடம் கொடுக்க வேண்டும்.

“ஊருக்கெல்லாம் வேலை செய்யலைன்னா போகட்டும். எனக்கு வேலை செய்யுதுல்ல?” என்றான் தம்பி. “உடைஞ்சு போச்சுன்னு சொல்லிடு.”

“உடைஞ்சதைக் காட்டுன்னு கேப்பாங்க.”

“தொலைஞ்சு போச்சுன்னு சொல்லு.”

“கை தொலைஞ்சு போச்சுன்னா? பஸ்ஸுல மறந்து வச்சிட்டேன்னு சொல்லவா?”

முக்காலி அம்மாள் சிரித்துவிட்டு, சிரித்தது தப்போ என்று பூட்டைத் துடைக்கத் தொடங்கினாள்.

அக்காள் தணிந்தாள். அவளுக்கும் ஆசைதான். உலகத்தில் ஒரே ஒரு உடம்பிலாவது தான் செய்தது உயிரோடு இருக்கட்டுமே. “சரி, எதையாவது சொல்லிப் பார்க்குறேன். உன் ஒருத்தனுக்காவது நல்லா புடிக்குதே, அது போதும் எனக்கு” என்றாள்.

அந்தச் சொல் அவனை என்ன செய்ததோ, அரத்தை மேசையில் எறிந்தான்.

“நல்லா புடிக்குதா? யார் சொன்னா?”

“நீதாண்டா சொன்ன. வாராவாரம்.”

“பாரு.” சாவியைக் கீழே வைத்து, மறுபடி எடுத்தான். “வழக்கம்போல லேப்டாப்பைப் பார்க்காத. என்னைப் பாரு.”

அவள் பார்த்தாள். விரல்கள் மூடுவதற்கு முன் அவன் முழங்கையை விலாவில் அழுத்தினான். தோளைக் காதுவரை தூக்கி, ஒரு குலுக்குக் குலுக்கினான். அப்புறம்தான் கை மூடியது. சட்டைக் காலரை விலக்கிக் காட்டினான். தோள்பட்டைக்கு மேல் தசை வீங்கி, ஓரம் கன்றிச் சிவந்திருந்தது.

“தசையை இறுக்குனா ஒண்ணும் நடக்காது, அக்கா. முதல் வாரத்துலயே நடக்கலை. இப்படிக் குலுக்குனா நடந்துச்சு. நீ குனிஞ்சு லேப்டாப்பைப் பார்க்குறப்போ குலுக்கிட்டேன்.”

திரையில் அவள் பார்த்துப் பார்த்துக் கொண்டாடிய அத்தனை கோடும் இந்தக் குலுக்கல்தான். கை கற்றுக்கொண்டது பிடிப்பதை அல்ல, இவன் தோள் துடிப்பதை. அந்த வெளியாட்கள் பாவம், சொன்னபடி தசையை மட்டும் இறுக்கினார்கள்.

“ஏன்டா சொல்லலை? பாவி, ஒரு வார்த்தை! ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அப்பவே சரி பண்ணியிருப்பேனே! உன் பேச்சை நம்பி ஊர் முழுக்கச் சொன்னேனேடா!”

“நீ ஏன் நிமிர்ந்து பார்க்கலை?”

அவளிடம் கோபம் மட்டும் இருந்தது. அது போதுமானதாகவும் இருந்தது.

“கழட்டு.”

“அக்கா, குலுக்கியாவது புடிக்குதே. இல்லைன்னா ஒவ்வொரு தடவையும் சாவியை இந்த மேசை வைஸ்ல இறுக்கி மாட்டி, கழட்டி, வெளிச்சத்துல பார்த்து… ஒரு சாவிக்கு அரை நாள் ஆகும்.”

“இப்படியே குலுக்குனா தோளும் போயிடும்.”

“கையே போச்சு. தோளுக்கு அழுது என்ன ஆகப்போகுது?”

கையைக் கட்டியிருந்த வாரை அவளே பிடித்து இழுத்தாள். அவன் தடுக்கவில்லை, உதவவும் இல்லை. கை கழன்று வந்தது. உட்புறம் இன்னும் சூடாக இருந்தது. ஆள்காட்டி விரலின் ரப்பர், அரம் உராய்ந்து உராய்ந்து நூல் தெரியத் தேய்ந்திருந்தது. விரலிடுக்கில் சிக்கியிருந்த சாவியை உருவி மேசையில் வைத்தாள். கையைத் துணியில் சுற்றிப் பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்தாள்.

“நான் நாளைக்கு வர்றேன்ப்பா” என்று முக்காலி அம்மாள் பூட்டோடு எழுந்தாள்.

“உட்காருங்கம்மா. லேட்டாகும், ஆனா ஆயிடும்.” காலியான சட்டைக்கையைப் பல்லால் இழுத்து மடித்துவிட்டு, ஒற்றைக் கையால் வைஸைத் திருகினான். சாவி ஒருமுறை நழுவி விழுந்தது. குனிந்து எடுத்தான்.

அக்காள் வாசற்படியில் இறங்கிவிட்டாள். அவன் நிமிராமல் கேட்டான்.

“பட்டறையில கை போனப்போ ஒரே ஒரு நாள்தான் ஆஸ்பத்திரிக்கு வந்த. அப்புறம் இந்தக் கையைத் தூக்கிட்டுத்தான் வந்த. முதல் வாரமே இது புடிக்கலைன்னு சொல்லியிருந்தா, சோதிச்சுப் பார்க்க வேற ஆளைத் தேடிப் போயிருக்க மாட்டியா, அக்கா?”