பிச்சையாவின் விடைத்தாள்

நான் வாயைத் திறக்கமாட்டேன் என்பதற்காகத்தான் மகாதேவன் மாமா அந்த வேலையை என்னிடம் கொடுத்தார்.

"வாலா, நீயே திருத்திடு. மத்தவாகிட்ட குடுத்தா ஆபீஸ் முழுக்கத் தம்பட்டம் அடிப்பா. நீ பரம சாது."

மாமா பம்பாய் மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிறார். வடாலாவில் ஒரு பெயிண்ட் தொழிற்சாலைக்கு ஆபீஸ் சூபரிண்டெண்ட். பி.எஸ்ஸி. முடித்து வீட்டில் உட்கார்ந்திருந்த எனக்கு அங்கே லேபில் வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். அப்பா இன்றும் அவரைப் படிக்கட்டில் கண்டால் சுவரோடு ஒட்டி வழிவிடுகிறார்.

பீப்பாய்களிலிருந்து சாம்பிள் எடுக்கும் ஆள் ஒருவரை நிரந்தரமாக நியமிக்க வேண்டியிருந்தது. மனுப் போட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் பிச்சையா, தாராவியிலிருந்து வருபவர், ஆறு வருஷமாக எங்கள் லேபில் பாட்டில் கழுவுகிறார். கழுவுவதோடு சாம்பிளும் அவர்தான் எடுக்கிறார், சம்பளம் மட்டும் பாட்டில் கழுவுகிறவருக்கு உள்ளது. இன்னொருவன் கிட்டு, மாமியின் அண்ணா பிள்ளை, பாலக்காட்டிலிருந்து வந்து இரண்டு மாதம் ஆகிறது.

லேபிள் எல்லாம் ஆங்கிலத்தில் இருப்பதால் ஆங்கிலப் பரீட்சை என்றார் மாமா. கேள்வியும் அவருடையது. 'டேக்' என்ற வினைச்சொல்லை வெவ்வேறு பொருளில் வைத்துப் பத்து வாக்கியங்கள் எழுத வேண்டும். இருபது மார்க். பத்து வாங்கினால் பாஸ்.

"இந்த ஒரு வெர்ப் போறும்," என்று சிரித்தார். "ரெண்டு எழுதறதுக்குள்ள அந்தத் தாராவிக்காரனுக்கு நாக்குத் தள்ளிடும்."

கிட்டு காபியை 'டேக்' செய்திருந்தான். பிறகு டிபன், பிறகு சாப்பாடு, பிறகு மோர். குளியலும் ஓய்வும் தனி. எட்டு மார்க் போட்டேன். அதுவே தாராளம்.

பிச்சையா பென்சிலால் எழுதியிருந்தார். பீப்பாய் லேபிளைப் பார்த்துப் பழகிய பெரிய எழுத்துகள். 'ஐ டேக் சாம்பிள் ஃப்ரம் டிரம்.' 'மை ஒய்ஃப் டேக் சைல்ட் டு சயான் ஹாஸ்பிடல்.' 'இட் டேக் டூ அவர் ஃபார் ஒன் பக்கெட் வாட்டர்.' 'கிளார்க் சாகேப் டேக் ரெஸ்ட், ஐ டேக் ரீடிங்.' இதைப் படித்து எனக்குச் சிரிப்பு வந்தது. தமிழில் இவற்றுக்கு ஒரே சொல் போதாது. சாம்பிளை எடுக்கிறோம், குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறோம், தண்ணீருக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது. இவ்வளவையும் அவர் ஒரே சொல்லுக்குள் சரியாக வைத்திருந்தார்.

ஏழாவது வாக்கியம்: 'ஆசிட் டேக் மை டூ ஃபிங்கர்.'

எட்டாவது: 'ஐ நோ சைன், பட் கம்பெனி டேக் தம்ப் இம்ப்ரெஷன்.' கையெழுத்துப் போடத் தெரிந்தவரிடம் கைநாட்டு வாங்கியிருக்கிறார்கள்.

அவருடைய இடது கையில் இரண்டு விரல்கள் மடங்கியே இருக்கும். எட்டு மாதமாக அந்தக் கையிலிருந்துதான் பாட்டில்களை வாங்கிக்கொண்டிருந்தேன். பிறவியிலேயே அப்படி என்று நினைத்திருந்தேன். கேட்டதில்லை.

விகுதிப் பிழைகளுக்கு மொத்தமாக நாலு மார்க் குறைத்துப் பதினாறு போட்டு, இரண்டு தாள்களையும் மாமாவிடம் கொடுத்தேன்.

சிரித்துக்கொண்டே படித்த மாமாவின் சிரிப்பு எட்டாவது வாக்கியத்தில் நின்றது. தாள்களை என் பக்கம் தள்ளினார்.

"இது இங்கிலீஷா? புகார் மனு. இவனுக்கு ஆறு போடு. கிட்டுவுக்குப் பன்னெண்டு."

தாள்களை எடுத்துக்கொண்டேன்.

"சாயங்காலத்துக்குள்ள மாத்திக் கொண்டா. அப்பா சௌக்கியமா?"

அப்பாவை எதற்காக விசாரித்தார் என்று எனக்குத் தெரியும்.

பாட்டில் கழுவும் அறைக்குப் போனேன். பிச்சையா தொட்டிக்கு முன்னால் குனிந்து நின்றார். பதினாறு என்றும், ஆறாக்கச் சொல்கிறார்கள் என்றும் சொன்னேன்.

"இத ஏன் எங்கிட்ட சொல்லுதிய?"

"உங்களுக்குத் தெரியணும்னு..."

"தெரிஞ்சு? நீங்க போட்ட பதினாற அவிச்சுத் திங்கவா?" அவர் நிமிரவில்லை. "ஆசிட் பட்டு நல்லா வலிக்கிற நேரத்துல பேப்பர நீட்டி, பெருவிரல வைய்லேன்னாவ. கையெழுத்துப் போடுதேன்னு சொன்னேன், விடல. கையெழுத்துன்னா படிக்கணும்லா? படிச்சா, என் கவனக்குறைவுன்னு எழுதியிருக்கது தெரிஞ்சிரும்லா? அன்னைக்கும் ஒங்கள மாதிரி ஒரு புண்ணியவான் வந்து, பாவம் பிச்சையான்னுட்டுப் போனாரு. போங்கம்மா. பாட்டில் கெடக்கு."

முகத்தில் அறைந்தது போல இருந்தது. அவர் மேல் கோபம் வந்தது. அது அவர் மேல் வரவேண்டிய கோபம் அல்ல என்று லேபுக்கு வந்து சேர்வதற்குள் புரிந்தது.

நேரே, மாமாவுக்கும் மேலே இருக்கும் வொர்க்ஸ் மானேஜர் அறைக்குப் போய்த் தாள்களை மேஜையில் வைத்தேன். அவர் பிச்சையாவின் தாளைக் கடைசிவரை படித்தார். எட்டாவது வரியில் விரலை வைத்து ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு இரண்டு தாள்களையும் டிராயரில் போட்டுச் சாவியைத் திருப்பினார்.

"மிஸ்டர் மகாதேவன் பார்த்துக்கொள்வார். நீங்கள் போகலாம்," என்றார் ஆங்கிலத்தில்.

ஒரு சாவியைத் திருப்பினால் போதும், அவர்களுக்கு வேலை முடிந்தது.

லேப் ரிப்போர்ட் தாள் ஒன்றை எடுத்தேன். பத்து வாக்கியங்களும் எனக்கு மனப்பாடம் ஆகியிருந்தன. அவர் எழுதியபடியே, பிழையோடு, பெரிய எழுத்தில் எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மார்க். கீழே கூட்டல், பதினாறு. கிட்டுவுக்கு எட்டு என்று ஒரு வரி. 'திருத்தியவர்' என்று என் முழுப்பெயரையும் பட்டத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

சாப்பாட்டு மணி அடிக்கும் நேரத்தில் ஷிப்டு லிஸ்டுக்குப் பக்கத்தில், நோட்டீஸ் போர்டில் குத்தினேன். டிபன் டப்பாக்களோடு ஆட்கள் வந்தார்கள். தமிழ்க்காரர், மராத்திக்காரர், எல்லோரும். பேக்கிங் பிரிவு முகைதீன் எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தார். கிளார்க் சாகேப் வரியில் ஒரு சிரிப்பு எழுந்தது. எட்டாவது வரியில் யாரும் சிரிக்கவில்லை.

"ஏலே, நம்ம பிச்சையாவா எழுதுனான்?" என்று யாரோ கேட்டார்.

பிச்சையா கூட்டத்துக்குப் பின்னால் ஈரக்கையோடு நின்றார். என்னைப் பார்க்கவில்லை. போர்டைத்தான் பார்த்தார்.

மாமா மாடியிலிருந்து இறங்கி வந்தார். கூட்டம் விலகியது, ஆனால் கலையவில்லை.

"கிழிடி அதை," என்றார் தாழ்ந்த குரலில். "நாளைக்கு உனக்கு வேலை இருக்காது. உங்கப்பா மூஞ்சியில எப்படி முழிப்பே?"

அப்பா சுவரோடு சுவராக நிற்பது கண்ணில் தெரிந்தது. மாட்டேன் என்றேன். சத்தம் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது.

மாமா தாளை நோக்கிக் கையை நீட்டினார்.

"மாட்டேன்," என்றேன். இந்தத் தடவை பின்னால் நின்றவர்களுக்கும் கேட்டது. முகைதீன் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.