ஏணி பிடித்தவள்

முரளி சார் ஏணியிலிருந்து காலை எடுத்து சில்வர் ஓக் மரத்தின் கவட்டில் வைத்த நேரம் பார்த்து, நான் ஏணியைச் சரித்துத் தரையில் கிடத்தினேன். முப்பதடி உயரம். இடுப்பில் பாதி நிறைந்த மிளகுப் பை. மூன்று வாரமாக இந்த ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான் காத்திருந்தேன்.

மிளகு பறிக்கிற எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒற்றை மூங்கிலில் செய்த ஏணி தானாக நிற்காது, அடியைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். ஏறினவர் இறங்கித் தரையில் கால் வைக்கிற வரைக்கும் பிடித்தவர் நகரக் கூடாது. சத்தம் போட்டுக் கூப்பிடவும் கூடாது, திடுக்கிட்டுப் பிடியை விட்டுவிடுவார்கள். எல்லாம் கைஜாடைதான். நான் பதினாறு வருஷமாக ஏணி பிடிக்கிறேன். 'சுகந்தி பிடிச்சா கண்ண மூடிட்டு ஏறலாம்' என்று செம்மேட்டிலிருந்துகூட ஆள் தேடி வருவார்கள். புருஷனோடு காலையில் சண்டை போட்டுவிட்டு, மத்தியானம் அவர் ஏறின ஏணியை ஒழுங்காகப் பிடித்தவள் நான். அந்தப் பேரை அன்றைக்கு நானே கெடுத்துக்கொண்டேன். கெட்டால் கெடட்டும் என்றுதான் இருந்தது.

என் மகள் சுமித்ராவுக்குப் பத்து வயது. ஓரிடத்தில் உட்கார மாட்டாள். எதிரே வருகிறவர் வலப்பக்கம் ஒதுங்குகிறாரா, இடப்பக்கம் ஒதுங்குகிறாரா என்று தெரியாமல் போய் மோதிக்கொள்வாள். சேலத்து டாக்டர் ஏடிஎச்டி, கவனம் ஓரிடத்தில் நிற்காத கோளாறு என்று சொன்னார். கம்ப்யூட்டரில் கறுப்புத் திரையில் பத்துப் பன்னிரண்டு வெள்ளைப் புள்ளிகள் அசைவதைக் காட்டினார். தோள், முழங்கை, முட்டி, கணுக்கால் இருக்கிற இடத்தில் மட்டும் புள்ளி. பார்த்தவுடனே ஓர் ஆள் நடந்து போகிறான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சுமித்ரா, "சாமை தெறிக்குது" என்றாள். அதையே மறுபடி மறுபடி ஓடவிட்டார். நான்காவது தடவை, "யாரோ நடக்கறாங்க" என்றாள். "பாத்தீங்களாம்மா, இவளுக்குக் கொஞ்சம் நேரம் வேணும், அவ்வளவுதான். அவசரப்படுத்தாதீங்க" என்றார் டாக்டர். அதையே அவர் எழுதிக் கொடுத்த சீட்டை நானே பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அங்கே விளையாட்டு வாத்தியார் இந்த முரளி சார். ஓட்டப் பந்தயத்தில் அவர் நிற்கச் சொல்லிக் கை காட்டியது புரியாமல் சுமித்ரா ஓடிப்போய் இன்னொரு பிள்ளையைத் தள்ளிவிட்டாள். அவளை மைதானத்தின் நடுவில் நிறுத்திவிட்டார். பிள்ளைகளை ஒவ்வொருவராக வரவழைத்து, பல் தேய்க்கிற மாதிரியும் பந்து எறிகிற மாதிரியும் செய்யச் சொல்லி, "இவன் என்ன பண்றான், சொல்லு பாக்கலாம்" என்று கேட்டிருக்கிறார். அவள் தப்பாகச் சொல்லச் சொல்ல அத்தனை பிள்ளைகளும் சிரித்திருக்கிறார்கள். ஒரு பீரியட் முழுக்க. அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கூப்பிட்டால் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

எங்கள் ஊரில் அவருக்கு ஒரு ஏக்கர் மிளகு உண்டு. பறிப்புக்குத் தானே ஏறுவதாகச் சொல்லி, ஏணி பிடிக்க ஆள் கேட்டு என் வீட்டுக்கே வந்தார். "பாப்பா நல்லா இருக்காளாங்க?" என்று வேறு விசாரித்தார். செய்தது அவருக்கு ஞாபகமே இல்லை. "வாரேனுங்க சார்" என்றேன்.

"ஏனுங்க, என்ன வெளயாட்டு இது? ஏணிய வைங்க" என்றார் மேலேயிருந்து.

"வாயத் தொறக்காதீங்க சார். கைஜாடையில சொல்லுங்க. எம்புள்ள பாத்துச் சொல்லட்டும். சரியாச் சொன்னாத்தான் ஏணி. அன்னைக்கு நீங்க வெச்ச பரீட்சதானுங்க."

அவருக்கு இப்போது ஞாபகம் வந்துவிட்டது. முகம் போன போக்கைப் பார்க்க எனக்கு இனித்தது. பக்கத்து மரங்களில் பறித்துக்கொண்டிருந்த கண்ணாயியும் மற்றப் பெண்களும் இறங்கி வந்து நின்றார்கள். கூடவே கூட்டி வந்திருந்த சுமித்ராவை இழுத்து முன்னால் நிறுத்தினேன். சார் ஒரு கையால் மரத்தைக் கட்டிக்கொண்டு, மறு கையைக் கீழே நீட்டி நீட்டி ஆட்டினார்.

"என்ன பண்றாரு, சொல்லு சாமி."

அவள் என்னைப் பார்த்தாள், மரத்தைப் பார்த்தாள். "காக்காய வெரட்டறாரு" என்றாள்.

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மரத்தில் தொங்குகிற வாத்தியாரைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று ஒரு நிமிஷம் நினைத்துவிட்டேன். கண்ணாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடக் கிறுக்குப் புள்ள, ஏணி கேக்கறாரு, அதுகோட தெரியலயா?" என்றாள். எல்லாப் பார்வையும் சுமித்ரா மேல் இருந்தது. அவரைப் பழிவாங்க வந்த நான் அவர் செய்ததையே செய்துவிட்டேன். அதற்கும் சேர்த்து அவர் மேல்தான் கோபம் பொங்கியது. இன்னும் ஒரு மணி நேரம் அங்கேயே நிற்கட்டும், நாள் முழுக்க நிற்கட்டும்.

சுமித்ரா இந்தத் தடவை சுவரைத் தேடவில்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். சிரிப்பு ஓய்ந்து வெகுநேரம் கழித்து, "அவருக்குக் காலு நடுங்குதும்மா. பயந்துட்டாரு" என்றாள்.

அதை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. அவருடைய வலது முட்டி தனியாக உதறிக்கொண்டிருந்தது.

"ஏணிய வெய்யிம்மா."

நான் அசையவில்லை. அவளே குனிந்து மூங்கிலின் நுனியைத் தூக்கப் பார்த்தாள். முடியவில்லை. கண்ணாயியும் இன்னொருத்தியும் அவளுக்கு உதவ ஓடி வந்தார்கள். வராதீர்கள் என்று அவர்களைத் தடுக்க நான் கையை ஓங்கினேன்.

சுமித்ரா ஏணியை விட்டுவிட்டு இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டாள்.

கண்ணாயி நின்ற இடத்திலேயே நின்றாள். சுமித்ரா விரலிடுக்கு வழியாகப் பார்த்தாள். மரத்திலும் தரையிலும் இருந்த அத்தனை பேரும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது இன்னும் மேலேயே இருந்தது.