ஊசிக்கு விழாத பேர்

“உங்கடை மனுசன் அண்டைக்குப் படகிலை—”

“இருந்தவர். சுக்கானைப் பிடிச்சவர். என்னைக் கதைக்க விடும், அன்னபூரணம்—”

“என்ரை அண்ணை பிடிச்ச சுக்கானை இன்னும் எத்தினை பேர் பிடிக்கிறது, சின்னாச்சி அக்கா?”

வேலணையில், 1974இல், எங்கள் சாப்பாட்டு மேசையில் நடந்த சண்டை இது. நடுவில் என் தம்பி குலசிங்கத்தின் ஒலிப்பதிவுப் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. முன்னொரு காலம் நயினாதீவுத் திருவிழாவுக்குப் போன படகு காற்றில் அகப்பட்டுத் தப்பியது. அதில் போனவர்கள் சொன்ன கதைகளை அவன் பதிந்து வைத்திருந்தான். படகைக் கரைசேர்த்தவரின் குடும்பத்துக்கே இம்முறை கோயிலில் முதற் காளாஞ்சி என்று முடிவெடுத்த சபை, அது ஆர் என்பதை அவனிடம் விட்டுவிட்டது. செத்துப்போன தன் கணவர் தம்புவுக்காகத் தன் மகன் அந்த மரியாதைத் தட்டத்தை ஏந்தவேண்டும். சின்னாச்சி அக்காவுக்கு வேறு ஆசை இல்லை.

குலசிங்கம் கொழும்பில் கம்பியூட்டர் படித்தவன். அதன் ஏழைத் தங்கச்சி என்று ஒரு கட்டு அட்டையைக் கொண்டுவந்திருந்தான். கதைக்கு ஓர் அட்டை, ஓரத்துத் துளை ஒவ்வொன்றும் ஒரு பேர். கதையில் அந்தப் பேர் வந்தால் துளையின் வாயை வெட்டிவிடுவான். கட்டில் ஒரு பேரின் துளைக்குள் என் பின்னல் ஊசியை விட்டுத் தூக்கினால், அந்தப் பேருக்கு வெட்டிய அட்டைகள் மட்டும் உதிரும்.

அன்னபூரணத்தின் அண்ணன் அரியநாயகத்தின் துளைக்கு மேசை நிறைய விழுந்தது. தம்புவின் துளைக்கு ஒன்றும் விழவில்லை.

“ஒருத்தரும் அவரின்ரை பேரைச் சொல்லேல்லை, அக்கா.”

“எப்பிடிச் சொல்லுறது? நான் ‘இவர்’ எண்டனான். தங்கச்சிமார் ‘அத்தான்’ எண்டினம். படகு நிறைய எங்கடை ஆக்கள்.”

“இப்ப ஒருக்காச் சொல்லுங்கோ, வெட்டிவிடுறன்.”

கட்டினவரின் பேர். சின்னாச்சி அக்கா வாயைத் திறந்தார், மூடினார்.

“ஏலாது.”

“பிறகென்ன,” என்று அன்னபூரணம் எழும்பினாள். “தட்டம் எங்களுக்கு.”

“ஓம், கொண்டு போம். வயித்தைப் பிரட்டிச் சத்தி எடுத்துக்கொண்டு சுக்கானை அநாதையா விட்டிட்டுப் போய்ப் படுத்த மனுசனுக்குத்தானே குடுக்கவேணும்.”

“ஆர் அநாதையா விட்டது? தம்பு அண்ணையின்ரை கையிலை குடுத்திட்டுத்தான் அண்ணை படுத்தவர். கரை வரைக்கும் அவர்தானே—”

அன்னபூரணம் நிறுத்திக்கொண்டாள். குலசிங்கம் கத்தரிக்கோலைத் தேடினான்.

சின்னாச்சி அக்கா ஒலிப்பதிவுப் பெட்டியை மெல்ல அவள் பக்கம் தள்ளினார்.

“கரை வரைக்குமோ, பிள்ளை? இதுக்குக் கேக்கிற மாதிரி இன்னொருக்காச் சொல்லும்.”